சாக்பீஸ் வீடு

போன வாரம் குடோன்காரரைக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்திவிட்டு வந்தோம். ஒரு வாரமாக அங்கேயே நிற்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். ஐந்து நிமிடம்தான் நின்றார். அதற்குள் அவர் மனைவி இரண்டு தடவை கூப்பிட்டாகிவிட்டது.

இப்போதுதான் வந்து உட்காருகிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் அதற்குள் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம்.

குடோன்காரர், வீட்டுச் சாமான் விற்கும் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் குடோன் பொறுப்பாளராக இருந்தவர். வியாபாரம் படுத்ததும், நாலு மாதத்துக்கு முன்னால் அந்தக் கம்பெனி ஒரே நாளில் நூற்று நாற்பது பேருக்கு வீட்டுக்குப் போகச் சொல்லிக் கடிதம் கொடுத்தது. அதற்குப் பிறகும் மனிதர் தினம் எட்டு மணிக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்புவார். பூங்காவில் மூன்று சுற்று, நூலகத்தில் நாலு பேப்பர், ஐந்தரைக்கு வீடு. இது எங்கள் தெருவுக்கே தெரியும். தெருவுக்குத் தெரியாது என்று நம்பியவர் அவர் ஒருவர்தான்.

அவர் மனைவிக்கு இப்போது பெட்டியக்கா என்று பெயர். கல்யாணமான இருபது வருஷத்தில் ஒன்பது வாடகை வீடு மாறியவர். ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரு சுற்று சிறியது. அதனால் ஆனையைப் பானைக்குள் அடைக்கும் வித்தை அவருக்குக் கைவந்துவிட்டது. காலம் கெட்டதும் ஊரே வீடு மாற ஆரம்பித்தது. பெரிய வீட்டுக்காரர்கள் சின்ன வீட்டுக்கும், சின்ன வீட்டுக்காரர்கள் அதைவிடச் சின்ன வீட்டுக்கும் போனார்கள். லாரிக்காரர் சாமானைத் தூக்குவார். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது, மிச்சத்தை எங்கே திணிப்பது என்று யார் சொல்வது? எதிர்வீட்டுக்காரர்கள் சாமானுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதபோது பெட்டியக்கா போய் ஒரே பகலில் கட்டிக்கொடுத்தார். அதிலிருந்து ஆரம்பித்ததுதான் இந்தத் தொழில்.

இவர்களுக்கு ஒரே மகள். கல்லூரியில் இடம் கிடைத்தும் ஒரு வருஷம் தள்ளிப்போட்டுவிட்டு மருந்துக்கடையில் நிற்கிறாள். அம்மாவுக்கு வரும் போன்களைப் பார்ப்பது, வீடு மாறுகிறவர்களைப் பிடித்துக் கொடுப்பது, பெட்டிகளுக்கு லேபிள் எழுதுவது எல்லாம் அவள்தான். அவள் இல்லாவிட்டால் பெட்டியக்கா வெறும் அக்கா.

போன வாரம் வீட்டு புரோக்கர் ஒரு பேச்சைப் போட்டுவிட்டுப் போனார் அல்லவா?

"என் கையில பதினோரு வீடு காலியாகுதுக்கா. சனிக்கிழமை ஒரு வீட்டைச் செஞ்சு காட்டுங்க. நாலு மணிக்குள்ள முடிஞ்சா மத்ததைப் பத்திப் பேசலாம். இழுத்தடிச்சீங்கன்னா நான் வேற ஆள் பாத்துக்கறேன், கோவிச்சுக்கக் கூடாது."

அன்றைக்குத்தான் பெட்டியக்கா தன் வீட்டுக்காரரிடம் கேட்டார். "ஒரே ஒரு நாள் கூட வாங்க. பிடிக்கலைன்னா அப்புறம் நான் கேக்கவே மாட்டேன்."

இன்று அந்தச் சனிக்கிழமை.

குடோன்காரர் வெளியே வந்தார். இஸ்திரி சட்டை, பையில் பேனா, கையில் நோட்டு.

"என்னங்க இது, இன்டர்வியூவுக்கா போறோம்?"

"ஏன், இதுக்கென்ன?"

"பீரோவுக்கு அடியில படுத்து இழுக்கணும். அதுக்கு இந்தச் சட்டை எதுக்கு? இந்தாங்க."

அலமாரியில் கிடந்த ஒரே பழைய பனியன் சட்டை அது. கம்பெனிக்கு இருபத்தைந்து வருஷம் நிறைந்தபோது எல்லோருக்கும் கொடுத்தது. நெஞ்சில் கம்பெனி பெயர், முதுகில் 'நாம் ஒரு குடும்பம்'. குடோன்காரர் அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தார். பிறகு உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டுக்கொண்டார். தையல் எல்லாம் தெரிந்தது. பெட்டியக்கா பார்த்தும் பார்க்காதவர் போலப் பெட்டி ஒட்டும் டேப் சுருள்களை எண்ணினார்.

புரோக்கர் இரண்டு வீட்டு முகவரியும் புது வீட்டுச் சாவியும் மட்டும்தான் கொடுத்திருந்தார். "ஒரு ஆபீசர் வீடு, ரெண்டே பேர்" என்றதோடு சரி. கேட் வைத்த பெரிய வீடு. லாரிக்காரரும் அவர் மச்சானும் லாரியோடு கூடவே வந்திருந்தார்கள். மணி அடித்ததும் கதவைத் திறந்தவரைப் பார்த்துக் கணவனும் மனைவியும் நின்றுவிட்டார்கள்.

மேனேஜர்.

அந்த நூற்று நாற்பது கடிதத்திலும் கையெழுத்துப் போட்டவர். அவர் உடம்பிலும் அதே பனியன் சட்டை. ஆனால் அவர் நேராகப் போட்டிருந்தார்.

லாரிக்காரருக்கு விஷயம் தெரியாது. அவருடைய மச்சானுக்கு அதைவிடத் தெரியாது. "என்னண்ணே, ரெண்டு பேரும் ஒரே டீமா?" என்று கேட்டுவிட்டு, தானே சிரித்து, தானே நிறுத்திக்கொண்டான்.

"நீங்களா?" என்றார் மேனேஜர்.

"ஆமா சார்."

மேனேஜர் விலகி வழிவிட்டார். அவர் ஏன் வீட்டைக் காலி செய்கிறார் என்பது கேட்காமலே விளங்கிவிட்டது. நூற்று நாற்பது பேரை அனுப்பியவருக்கு இரண்டு மாதம் கழித்து நூற்று நாற்பத்தொன்றாவது கடிதம் வந்திருக்கிறது. அதில் கையெழுத்துப் போட்டவர் யாரோ, எங்கிருந்தோ.

பெட்டியக்கா கணவரைக் கேட் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"நீங்க வேணா வீட்டுக்குப் போயிடுங்க. நான் எப்படியாவது சமாளிச்சுக்கறேன்."

"நாலு மணிக்கு முடியணும்ல?"

"முடிக்கணும்தான்."

"அப்ப நீ உள்ள பாத்துக்கோ. நான் லாரியைப் பாத்துக்கறேன்."

வீட்டுக்குள் போகாமல் இருக்க லாரியைவிட நல்ல இடம் ஏது?

உள்ளே மேனேஜரின் மனைவி காலை நீட்டி நாற்காலியில் இருந்தார். முழங்காலில் ஆபரேஷன் ஆகிப் பத்து நாள். வலி முகத்தில் தெரிந்தாலும் வாய்க்கு எந்த ஆபரேஷனும் ஆகவில்லை.

"வாம்மா. நீ வந்தது நல்லதாப் போச்சு. இவர் ரெண்டு மாசமா வீட்டுல டம்ளரையெல்லாம் உயரப்படி அடுக்கிட்டிருக்காரு. எனக்குத் தண்ணி குடிக்கவே பயமா இருக்கு, வரிசை கலைஞ்சுடுமோன்னு."

"எங்க வீட்டுல நாலு மாசம்மா," என்றார் பெட்டியக்கா. "நூலகத்துல பேப்பர் மடிப்பெல்லாம் இப்ப ஒரே சீரா இருக்காம்."

அதோடு இரண்டு பெண்களும் சிநேகிதம் ஆகிவிட்டார்கள். ஆண்களுக்கு இந்த வசதி கிடையாது.

வேலை மளமளவென்று நடந்தது. பெட்டியக்கா முதலில் கட்டுவது எப்போதும் 'முதல் நாள் பெட்டி'. புது வீட்டுக்குப் போன கையோடு வேண்டியவை அதில் இருக்கும். கெட்டில், இரண்டு டம்ளர், துண்டு, மாத்திரை, பல்பு, கத்தரிக்கோல். அதை லாரியில் ஏற்றவே மாட்டார், மடியில் வைத்துக்கொள்வார்.

வாசலில் குடோன்காரர் நோட்டைத் திறந்தார். "அங்க போனதும் முதல்ல எது வேணும்?"

"கட்டில்தான்," என்றார் உள்ளிருந்தே பெட்டியக்கா. "அம்மா ரொம்ப நேரம் உக்காரக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. கட்டிலை மாடிக்குக் கொண்டுபோயி மாட்டினாத்தான் அவங்க படுக்க முடியும்."

"அப்ப கட்டில்தான் முதல்ல ஏறணும்."

லாரிக்காரர் வாயைத் திறந்தார். "சார், கட்டிலை முதல்ல ஏத்தினா..."

குடோன்காரர் ஒரு விரலைத் தூக்கினார். இருபத்திரண்டு வருஷம் ஒரு குடோனையே அமைதியாக்கிய விரல். "நான் சொல்ற வரிசையில ஏத்துங்க. முதல்ல வேண்டியது முதல்ல."

"சரிங்க சார்," என்றார் லாரிக்காரர். மச்சானைப் பார்த்தார். மச்சான் வானத்தைப் பார்த்தான்.

மருந்துக்கடை இடைவேளையில் மகள் போன் செய்தாள்.

"அம்மா, எப்படிப் போகுது? அப்பா யாரையாவது திட்டினாரா?"

"இல்லடி. நல்லாத்தான் போகுது."

"யார் வீடு? ரசீதுல பேர் எழுதணும்."

"ஒரு ஆபீசர் வீடு. அப்புறம் சொல்றேன், கையில டேப் ஒட்டிக்கிச்சு."

டேப் ஒட்டவில்லை. விஷயம் வேறு. இரண்டு வருஷத்துக்கு முன் கம்பெனியில் குடும்பங்களைக் கூப்பிட்டு விழா நடத்தினார்கள். நல்ல மார்க் வாங்கியதற்காக அவளை மேடைக்குக் கூப்பிட்டு மேனேஜர் பரிசு கொடுத்தார். "படிச்சு முடிச்சுட்டு இங்கயே வந்துடும்மா. உனக்குன்னு ஒரு நாற்காலி காத்திருக்கு" என்றார். அப்பாவுக்குக் கடிதம் வந்த அன்று அவள் சொன்னது பக்கத்து வீட்டுச் சுவரைத் தாண்டி எங்களுக்கே கேட்டது. "அந்த நாற்காலியில அவரே உக்காந்துக்கட்டும். செத்தாலும் அவர் முகத்துல முழிக்க மாட்டேன்."

ஒன்றே முக்காலுக்கு லாரி புது இடத்துக்கு வந்தது. ஏழு மாடிக் கட்டடம். இவர்களுக்கு ஆறாவது மாடி. வாட்ச்மேன் ஒரு பலகையைக் காட்டினார். சாமான் ஏற்றும் லிஃப்ட் சனிக்கிழமைகளில் இரண்டு மணி முதல் நாலு மணி வரை மட்டும். அதற்குப் பிறகு திங்கட்கிழமைதான்.

பின்னாலேயே வாடகைக் கார் வந்து நின்றது. அதன் பின்சீட்டில் மேனேஜரின் மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தார்.

"கட்டிலை இறக்குங்க," என்றார் பெட்டியக்கா.

லாரிக்காரர் பின்கதவைத் திறந்தார். செருப்பு ஸ்டாண்ட் தெரிந்தது. பூந்தொட்டிகள் தெரிந்தன. ஒரு பெரிய மர மேஜை தெரிந்தது. அதற்குப் பின்னால் பெட்டி, பெட்டிக்கு மேல் பெட்டி.

"கட்டில் எங்க?"

"முதல்லயே ஏத்தியாச்சே," என்றார் குடோன்காரர். சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் மாறிவிட்டது.

அவருடைய குடோனுக்கு இரண்டு கதவு. பின் ஷட்டர் வழியாக உள்ளே வரும் சரக்கு, முன் ஷட்டர் வழியாக வெளியே போகும். முதலில் வந்தது முதலில் போகும். அந்த ஒழுங்குக்காக அவர் மூன்று தடவை கேடயம் வாங்கியிருக்கிறார். லாரிக்கு ஒரே கதவு. முதலில் ஏறியது கடைசியில்தான் இறங்கும். இது அந்த மச்சானுக்குத் தெரியும், வாட்ச்மேனுக்குத் தெரியும், வீடு மாறிய எவருக்கும் தெரியும். இருபது வருஷத்தில் ஒன்பது வீடு மாறியும் அவருக்குத் தெரியாது. ஏனென்றால் ஒவ்வொரு தடவையும் அவர் குடோனில் இருந்தார்.

"கட்டிலுக்கும் நமக்கும் நடுவுல ஒரு வீடே நிக்குது," என்றார் வாட்ச்மேன் ரசித்து.

காரிலிருந்து மேனேஜர் இறங்கினார். லாரியைப் பார்த்தார். குடோன்காரரைப் பார்த்தார்.  

குடோன்காரர் நோட்டைத் திறந்தார். பழக்கம். குடோனில் எது தவறினாலும் நோட்டில் இரண்டு வரி எழுத வேண்டும்: என்ன தவறு, யார் காரணம். இரண்டாவது வரியில் இத்தனை வருஷத்தில் அவர் பெயர் வந்ததே இல்லை. லாரிக்காரர் முகத்தில் 'என்னைத்தான் எழுதப் போகிறார்' என்ற கலக்கம்.

நோட்டை மூடினார்.

"தப்பு என்னோடது," என்றார். மனைவியிடம் மட்டும் சொல்லவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "இவர் சொல்ல வந்தாரு. நான்தான் விரலைக் காட்டி அடக்கிட்டேன்."

பெட்டியக்கா அவரைத் திட்டியிருக்கலாம். திட்டுவதற்கு எல்லா உரிமையும் இருந்தது. ஊரே வேடிக்கை பார்க்கத் தயாராகவும் இருந்தது.

"சரி," என்றார். "இப்ப என்ன பண்ணலாம், சொல்லுங்க."

நாலு மாதத்தில் இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. எல்லோரும் 'சாப்பிட்டீங்களா' என்றுதான் கேட்டார்கள்.

குடோன்காரர் சுற்றிப் பார்த்தார். சனிக்கிழமை மத்தியானம். கார் நிறுத்தும் இடம் பாதிக்கு மேல் காலி.

"புது வீட்டு அளவு வச்சிருக்கியா?"

"நேத்தே டேப் வச்சு எடுத்துட்டேன்." பெட்டியக்கா ஜாக்கெட்டுக்குள்ளிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்தார்.

"வாட்ச்மேன், சாக்பீஸ் இருக்கா?"

இருந்தது. கண்ட இடத்தில் நிறுத்தும் கார்களின் டயரில் கோடு போட அவர் வைத்திருந்தது.

குடோன்காரர் மண்டியிட்டார். பத்தே நிமிடத்தில் தரையில் முழு அளவில் ஒரு வீட்டை வரைந்துவிட்டார். கூடம், இரண்டு அறை, சமையலறை, ஒவ்வொன்றுக்கும் கதவு, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று ஒரு வளைகோடு. அப்படி வரைவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. குடோனில் ஃப்ரிட்ஜுகளுக்கு அவர் வரைந்த இடத்தில் ஒரு விரல்கடை கூடத் தப்பாது.

"எல்லாத்தையும் இறக்குங்க. கூடத்துச் சாமான் கூடத்துல. சமையலறைச் சாமான் சமையலறையில. அததை அதது இடத்துல வச்சாத்தான் கட்டில் வெளிய வரும், மத்தது கலையாது."

லாரிக்காரர், மச்சான், குடோன்காரர் மூன்று பேர் போதவில்லை. மேனேஜர் எதுவும் கேட்காமல் ஒரு பெட்டியின் மறுமுனையைப் பிடித்தார்.

"பாத்து சார். முதுகை வளைக்காம, முழங்காலை மடக்குங்க," என்றார் குடோன்காரர்.

"இப்படியா?"

"ம்."

காலையில் வாசலில் பேசியதற்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டது இதுதான்.

சாக்பீஸ் வீடு நிறைய நிறைய வேடிக்கை ஆரம்பித்தது. மாடிகளில் தலைகள் முளைத்தன. காரின் கண்ணாடியை இறக்கிவிட்டு மேனேஜரின் மனைவி உள்ளிருந்தே ஆட்சி செய்தார்.

"அந்தப் பீரோவை அங்க வச்சா கதவு எப்படித் திறக்கும்? இந்தப் பக்கம் தள்ளுங்க! ஐயோ, சோபா பாதி சமையலறையில உக்காந்திருக்கே!"

உண்மைதான். சோபா கூடத்தில் அடங்கவில்லை. ஆறு மாடி ஏறிய பிறகு தெரிய வேண்டியது தரையிலேயே தெரிந்துவிட்டது. மூன்று துண்டாகப் பிரியும் சோபா அது. ஒரு துண்டை விட்டுவிடலாம் என்று அந்த அம்மாள் காரிலேயே முடிவு செய்தார். கண்ணாடி அலமாரி ஒன்றும் வேண்டாம் என்றார். அதைச் சொல்ல மட்டும் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். பெட்டியக்கா பக்கத்தில் நின்றாரே தவிர, அவசரப்படுத்தவில்லை.

இரண்டரைக்குக் கட்டில் வெளியே வந்தது. அதோடு பெட்டியக்காவும் லாரிக்காரரும் மேலே போனார்கள். மூன்று மணிக்கு அந்த அம்மாள் படுத்துவிட்டார். பிறகு லிஃப்ட் ஓயவே இல்லை. கீழே இருந்த வரிசை அப்படியே மேலே போய் உட்கார்ந்தது.

கூடத்தில் மிச்சம் இருந்தது அந்த மர மேஜை. மேனேஜர் அதை இங்கே நகர்த்தினார், அங்கே நகர்த்தினார். எப்படி வைத்தாலும் ஒரு கால் சுவருக்கு வெளியே நின்றது.

"இது போகாது, சார்," என்றார் குடோன்காரர்.

"தெரியுது."

மேனேஜர் மேஜையின் விளிம்பைத் தடவினார். "அந்தக் கடிதத்தையெல்லாம் ஆபீஸ்ல உக்காந்து போட முடியல. வீட்டுக்கு எடுத்துட்டு வந்து இதுலதான் போட்டேன். மூணு நாள். உங்களுடையதைத் தள்ளித் தள்ளிக் கடைசியில வச்சேன்."

குடோன்காரர் நிமிர்ந்தார். வெறும் லாரியின் பக்கம் பார்த்தார்.

"கடைசியா வச்சதுதான் சார் முதல்ல வெளிய வரும். எனக்கே இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

மேனேஜர் சிரிக்கவில்லை. பிறகு சிரித்துவிட்டார். பிறகு கைக்குட்டையைத் தேடினார். அது எந்தப் பெட்டியில் போயிற்றோ. பனியன் சட்டையின் கையிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மேஜையை வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிடச் சொன்னார். தன் கூண்டுக்குள் அது நுழையாது என்று வாட்ச்மேனுக்குத் தெரியும். இருந்தாலும் சும்மா கிடைப்பதை வேண்டாம் என்று சொல்ல அவர் என்ன பைத்தியமா?

மூன்று ஐம்பதுக்குப் புரோக்கரின் ஸ்கூட்டர் வந்து நின்றது.

"என்னக்கா இது, வீட்டை மேல வைக்கச் சொன்னா கீழயே வச்சுட்டீங்க?" என்று கேட்டுக்கொண்டே நேராக வந்தார்.

"சார் சார், அது சுவர்!" என்று மச்சான் கத்தினான். "கதவு அந்தப் பக்கம்!"

புரோக்கர் திடுக்கிட்டு, இரண்டடி பின்னால் வந்து, சுற்றிப் போய்க் கதவு வழியாக உள்ளே நுழைந்தார். நுழைந்த பிறகுதான் தான் செய்த காரியம் அவருக்கே உறைத்தது. மாடிகளில் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு குனிந்து கோடுகளைப் பார்த்தார். காலடி வைத்து அளந்தார்.

"போன மாசம் ஒரு வீட்டுல சோபாவை அஞ்சு மாடி ஏத்தி, நுழையாம, அஞ்சு மாடி இறக்கினாங்க. அந்த வீட்டம்மா நடுப்படியில உக்காந்து அழுதுச்சு. எல்லா வீட்டுக்கும் இப்படித்தான் பண்ணுவீங்களா?"

பெட்டியக்கா கண்ணிமைக்கவில்லை. "ஆமா. இதுதான் எங்க முறை."

குடோன்காரர் இருமினார். இரண்டு மணி நேரத்துக்கு முன் பிறந்த முறைக்கு அதற்குள் நூறு வயது ஆகிவிட்டது.

"சாமான் எல்லாம் மேல போச்சா?"

"போக வேண்டியதெல்லாம் போச்சு. மிச்சம் நிக்கிறது இந்த வீட்டுக்கு வேண்டாதது."

புரோக்கர் கடிகாரத்தைப் பார்த்தார். நாலுக்கு இரண்டு நிமிடம். "பதினொண்ணும் ஒரேயடியாக் குடுக்க மாட்டேன்க்கா. இந்த மாசம் நாலு. திங்கக்கிழமையே ஒண்ணு இருக்கு. ஆனா ஆள் பத்தாது உங்களுக்கு. தூக்கறதுக்குச் சொல்லல. வீட்டுக்காரங்க எதை விடறதுன்னு தவிக்கறப்ப பக்கத்துல நிக்க ஒரு ஆள் வேணும். நீங்க ஒருத்தரே கட்டவும் நிக்கவும் முடியாது."

பெட்டியக்கா கடைசியாக ஒரு தடவை மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வரும்போது முகம் ஒரு மாதிரி இருந்தது. கணவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்தம்மா ஒண்ணு கேக்கறாங்க. இவரையும் வேலைக்குக் கூட்டிட்டுப் போவீங்களான்னு. இவருக்குத் தெரியாமத்தான் கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"நான் ஒண்ணும் சொல்லல. சொல்ல வேண்டியது நீங்க. வேண்டாம்னு சொன்னீங்கன்னா நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

குடோன்காரர் திரும்பிப் பார்த்தார். மேனேஜர் தனியாக, காலியாகிவிட்ட சாக்பீஸ் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். மேலே போகலாம். அங்கே போய் என்ன செய்வது என்று யோசிப்பவர் போல இருந்தது. அந்த நிற்பு குடோன்காரருக்குத் தெரிந்த நிற்பு. பூங்காவில் மூன்றாவது சுற்று முடிந்ததும் நிற்பது அப்படித்தான்.

கதவு வழியாகத்தான் உள்ளே போனார்.

"சார், திங்கக்கிழமை ஒரு வீடு இருக்கு. ஏழரை மணிக்கு. வர்றீங்களா?"

மேனேஜருக்குப் புரிய நேரமாயிற்று. "நானா? நான் வந்து என்ன பண்ண?"

"எதை விடறதுன்னு அவங்க முடிவு பண்ற வரைக்கும் பக்கத்துல நிக்கணும். அவசரப்படுத்தக் கூடாது. சமாதானமும் சொல்லக் கூடாது."

"எனக்கு அது வருமா?"

"வருமான்னு எனக்கும் தெரியல சார். எனக்கு லாரி ஏத்தத் தெரியும்னு நினைச்சிட்டிருந்தேன்."

மேனேஜர் தலையை ஆட்டினார். கையை நீட்டினார். இரண்டு கையிலும் ஒரே சாக்பீஸ் தூள்.

திரும்பும்போது லாரியின் முன்சீட்டில் நாலு பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். மச்சான் அதற்குள் தூங்கிவிட்டான். பெட்டியக்காவின் போன் அடித்தது. மகள்.

பெட்டியக்கா பெயரைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். போன் அடித்துக்கொண்டே இருந்தது. "நான் சொல்லட்டுமா?" என்றார்.

"குடு. மேனேஜரைக் கூப்பிட்டது நான்தானே."

போனைக் காதில் வைத்தார். "அப்பா பேசறேன்மா. நாலு வீடு குடுத்திருக்காரு. ஆமா, நாலு. இரு, இரு, இன்னொண்ணு சொல்லணும். வீட்டுக்கு வந்து சொல்லலாம்னு இருந்தேன். வேண்டாம், இப்பவே சொல்லிடறேன்."

சொன்னார். யார் வீடு என்று சொன்னார். திங்கட்கிழமை யார் வருகிறார் என்றும் சொன்னார். மறைக்கவில்லை, பூசி மெழுகவும் இல்லை.

மறுமுனையில் மருந்துக்கடையின் இரைச்சல் மட்டும் கேட்டது. யாரோ இருமல் மருந்து கேட்டார்கள். அவள் எடுத்துக் கொடுத்தாள். பிறகுதான் பேசினாள். மெதுவாகத்தான் பேசினாள். பெட்டியக்கா எவ்வளவு சாய்ந்தும் ஒரு சொல் பிடிபடவில்லை.

குடோன்காரர் போனை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"என்னங்க சொல்றா?"

"திங்கக்கிழமையிலிருந்து நம்ம வேலைக்கு லீவு கேக்கறா."

"எத்தனை நாளைக்கு?"

"அதைச் சொல்லல."